புதையல் பைத்தியம்

திருவண்ணாமலையில் நமது தோழர் ஒருவர் இருக்கின்றார். மற்றவர்கள் பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றுகின்றார்கள். இவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் அறுவடையான வயலைச் சுற்றுகின்றார். கையில் ஒரு கோல். அதன் முனையில் சோற்றுத் தட்டுப்போல ஒரு வட்டம். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அது கீச்சென்று சத்தம் போடும். நிலக்காரரின் சம்மதத்தோடு, சத்தம் வந்த இடத்தில் ஒரு சாண் ஆழம் கிளறிப் பார்ப்பார். இரண்டு வருஷமாக இப்படிச் சுற்றி இவர் சேர்த்த ஆஸ்தி என்னவென்றால், சோடாப் புட்டி மூடிகள் ஒரு கூடை, மாட்டு லாடங்கள், ஆணிகள், ஒரு கொலுசுத் துண்டு, ஓட்டைக் காலணா மூன்று. இவ்வளவே. ஆனால் ஊரார் பேச்சு என்ன? இவருக்குப் பானை நிறையப் பொன் கிடைத்துவிட்டதாம். அதைப் பூதம் காக்கின்றதாம். பலி கொடுக்காமல் எடுத்தால் ரத்தம் கக்கிச் சாவாராம். ஒரு மந்திரவாதி வீடு தேடி வந்து, பூதத்தைக் கட்டிக் கொடுப்பதற்குப் பாதிப் பங்கு பேசிப் பார்த்தானாம். பூதத்தைக் கட்டத் தெரிந்தவன் தனக்கென்று ஒரு பானையை எடுத்துக்கொண்டு போகாமல், பிறத்தியார் வீட்டுத் திண்ணையில் வந்து பேரம் பேசுவானேன் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

இந்தப் புதையல் பைத்தியத்தால் நம் நாட்டில் அழிந்த குடும்பங்கள் கொஞ்சமல்ல. மை போட்டுப் பார்க்கிறேன் என்பான் ஒருவன். கோழியில் தொடங்கி, ஆட்டுக்குப் போய், தலைச்சன் பிள்ளை வரையில் கணக்குச் சொல்லுவான் இன்னொருவன். இப்போது படித்தவர்களுக்கென்று தனி மோசடி ஒன்று கிளம்பியிருக்கின்றது. இடி விழுந்த கோபுரக் கலசத்தில் இரிடியம் இருக்கின்றதாம்; அது அரிசியைத் தன்பால் இழுக்குமாம்; கோடிக்கணக்கில் விலை போகுமாம். அரிசியில் இரும்புத் தூளை ஏற்றி, கலசத்துக்குள் காந்தத்தை ஒளித்து வைத்தால் எந்த ஓட்டைச் செம்பும் அரிசியை இழுக்கும். இதற்கு லட்சம் லட்சமாய்க் கொடுத்து ஏமாந்தவர்கள் பாமர மக்கள் மாத்திரமல்ல. பட்டதாரிகளும் பெரிய வியாபாரிகளும் உண்டு. படிப்பு வேறு, அறிவு வேறு என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

நமது தோழரின் கோல் மைக்கு நேர் விரோதமான சரக்கு. வட்டத்துக்குள் கம்பிச்சுருள் இருக்கின்றது. அதில் மின்சாரம் மாறிமாறி ஓடுவதால் சுற்றிலும் காந்தப்புலம் உண்டாகின்றது. மண்ணிலுள்ள உலோகத்தில் அந்தப் புலம் பட்டவுடன் அதற்குள்ளும் சிறு மின்சாரம் சுழன்று, பதிலுக்கு ஒரு புலத்தைத் திருப்பி அனுப்புகின்றது. கருவி அதைக் கண்டு சத்தம் போடுகின்றது. இதில் மந்திரமும் இல்லை, ஜாதகமும் இல்லை. டெலிபோனுக்குப் பேர்போன கிரகாம் பெல், 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டு சுடப்பட்டபோது, உடம்பிலிருந்த குண்டைத் தேட இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்து கொண்டு போனார். குண்டு அகப்படவில்லை. கட்டிலின் கம்பிச் சுருள்கள் குறுக்கிட்டதுதான் காரணம் என்று சொல்லுவார்கள். நாம் கவனிக்க வேண்டியது, பெல் தமது கருவி தோற்றதை மறைக்காமல் காரணத்தைத் தேடினார் என்பதையே. மை போடுகிறவன் எப்பொழுதாவது தன் மை தோற்றதென்று சொன்னதுண்டா? “உன் வீட்டில் தீட்டு, அதனால் பூதம் விலகிப் போயிற்று” என்பானேயொழிய வேறு சொல்லான்.

நிற்க, மண்ணுக்குள் காசு எப்படி வந்தது? திருவண்ணாமலை படைகள் மிதித்த ஊர். 14-ஆம் நூற்றாண்டில் ஹொய்சள அரசன் மூன்றாம் வல்லாளன் இங்கேயே தலைநகர் வைத்திருந்து மதுரைச் சுல்தானோடு போர் செய்தான். 18-ஆம் நூற்றாண்டில் நவாபு, பிரெஞ்சுக்காரர், மைசூரார், ஆங்கிலேயர் என்று மாறிமாறி இந்தப் பக்கமெல்லாம் சூறையாடினார்கள். பாங்கி இல்லாத காலத்தில், குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டவன் செய்யக்கூடியது ஒன்றுதான்: பானையில் போட்டு மண்ணில் புதைத்துவிட்டு ஓடுவது. திரும்பி வந்தவன் எடுத்துக்கொண்டான். வராதவனுடையது நமக்குப் புதையல். ஆகவே ஒவ்வொரு புதையலும் யாரோ ஒருவன் திரும்பி வராததன் அடையாளமேயொழிய, லக்ஷ்மி கடாட்சம் அல்ல. கோயிலிலிருந்த பஞ்சலோகச் சாமிகளையே படைக்குப் பயந்து குழி தோண்டிப் புதைத்தார்கள். அவை இன்றும் தமிழ்நாடெங்கும் ஏர்முனையிலும் கடைக்காலிலும் அகப்படுகின்றன. சாமியைக் காப்பாற்ற மண் தேவைப்பட்டபோது, பானையைக் காக்கப் பூதம் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்கின்றோம்.

இனி நமது தோழரைப் போன்றவர்களுக்கும், கடப்பாரை பிடிக்கும் கூலித் தோழர்களுக்கும் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருவோம்.

புதையல் என்றதும் ஜனங்கள் கேட்கும் முதற் கேள்வி “எத்தனை பவுன்?” என்பதே. 2025 நவம்பரில் இதே ஜில்லாவில், ஜவ்வாது மலைக் கோவிலூரில், பழைய சிவன் கோயில் திருப்பணிக்காகத் தோண்டியபோது மண்பானையொன்றில் நூற்றுக்கு மேற்பட்ட பொற்காசுகள் கிடைத்தன. நாடெல்லாம் அதே பேச்சு. ஆனால் இதே ஜில்லாவில் செங்கம் பக்கத்து ஆண்டிப்பட்டியில் சென்ற நூற்றாண்டில் ஒரு பானை கிடைத்தது. அது எத்தனை பேருக்குத் தெரியும்? அதில் இருந்தவை ஈயக் காசுகள். ஈயத்துக்குத் தட்டான் கடையில் என்ன மதிப்பு? தூண்டிலுக்குக் குண்டு செய்ய ஆகும். ஆனால் அந்தக் காசுகளில் பழந்தமிழ் எழுத்தில் சேந்தன் என்றொரு தலைவன் பெயர் பொறித்திருந்தது. சுமார் ஆயிரத்தைந்நூறு வருஷங்களுக்கும் முன்னால் செங்கத்துப் பக்கம் ஒரு தமிழ்த் தலைவன் தமிழ் எழுத்தில் தன் பெயரைப் போட்டுக் காசு அடித்தான் என்பதை இந்த ஈயம் சொல்லிற்று. எந்தப் புராணமும் சொல்லவில்லை. பக்கத்துத் திருக்கோவலூர்ப் பெண்ணையாற்று மணலில் மலையமான்கள் காசுகளும், கரூர் அமராவதி மணலில் சேரர் காசுகளும் கிடைத்தனவே, அவற்றில் பெரும்பாலானவை ஏழைகள் மணல் அலசி எடுத்துப் பழைய பாத்திரக்காரனிடம் எடைக்குப் போட்டவை. அறிந்தவர் கண்ணில் பட்டவை தப்பின. படாதவை உருகிப் போயின. அந்தக் கணக்கை எவர் சொல்லக்கூடும்?

அன்றியும், காசு தப்பினால் மாத்திரம் போதாது. எந்த ஊரில், எந்த ஆழத்தில், எந்தப் பானையில், எவற்றோடு கிடந்தது என்பது போய்விட்டால் அது அனாதைப் பிள்ளைபோல் ஆகிவிடுகின்றது. இங்கிலாந்தில் சபோக் என்னும் பிரதேசத்தில் ஹாக்ஸ்னி என்ற கிராமத்தில் 1992-ல் ஒரு குடியானவர் தமது சுத்தியலைத் தொலைத்துவிட்டு, எரிக் லாஸ் என்னும் சிநேகிதரை அவருடைய கருவியோடு கூப்பிட்டார். சுத்தியலைத் தேடிய இடத்தில் ரோமாபுரிக் காலத்துப் பொன்னும் வெள்ளியும் தலைகாட்டின. அந்த மனிதர் கொஞ்சம் எடுத்துப் பார்த்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தார். ஆராய்ச்சியாளர் வந்து, பெட்டிக்குள் அடுக்கியிருந்த மாதிரி தெரியும்படி எடுத்தார்கள். ஏறக்குறைய 15,000 காசுகள்! வெகுமதி 17½ லட்சம் பவுன். அதைக் குடியானவரோடு பங்கிட்டுக்கொண்டார். சுத்தியலும் அகப்பட்டு, இப்போது காசுகளோடு பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலையில் இருக்கின்றது.

நம் நாட்டில் ஏன் இப்படி நடப்பதில்லை என்றால், ஜனங்களின் பேராசை மாத்திரம் காரணமல்ல. சட்டமும், அதை நடத்துகிற மாதிரியும் காரணம். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டமே இன்றும் அமுலில் இருக்கின்றது. 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ளது எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருஷம் வரையில் சிறை. 1878-ன் 10 ரூபாய் எங்கே, இன்றைய 10 ரூபாய் எங்கே! ஒரு டீக்கும் காணாத தொகை. ஆனால் அதே சட்டத்தில், உடையவர் இல்லையென்று தீர்மானமான புதையலில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலக்காரருக்குக் கால் பங்கும் என்றும், சர்க்கார் தானே எடுத்துக்கொண்டால் உலோகத்தின் விலைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கின்றது. இந்த முக்கால் பங்கு விஷயம் கடைக்கால் தோண்டும் எத்தனை கூலியாளுக்குத் தெரியும்? எவராவது சொல்லிக் கொடுத்ததுண்டா? சிறையை மாத்திரம் சொல்லிப் பயமுறுத்தினால், சேரியிலிருந்து வந்து மண் வெட்டுகிற பெண்பிள்ளை பானையைக் கண்டால் என்ன செய்வாள்? போலீசுக்குப் பயந்து மேஸ்திரியிடம் கொடுப்பாள். மேஸ்திரி மிராசுதாரிடம் கொடுப்பான். மிராசுதார் வீட்டு உலையில் சரித்திரம் வெந்து போகும். கடைசியில் திருட்டுப் பட்டம் மாத்திரம் அவளுக்கு வந்து சேரும்.

ஆகையால் அந்த 10 ரூபாய்க் கணக்கைத் திருத்தி, கண்டெடுத்தவர் பங்கு இன்னதென்று தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீசிலும் ஒட்டவேண்டுமென்று சர்க்காரைக் கேட்கின்றோம். கோல் பிடித்துச் சுற்றும் வாலிபர்களும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். மற்ற இடத்திலும், பானை விளிம்பு தெரிந்தால் அத்தோடு கையை எடுத்துவிட வேண்டும்.

நமது தோழர் மூன்று ஓட்டைக் காலணாக்களையும் மூன்று உறைகளில் போட்டு வைத்திருக்கின்றார். உறையின்மேல் வயலின் சர்வே நம்பர், கிணற்றிலிருந்து எத்தனை அடி, எத்தனை அங்குல ஆழம், தேதி எல்லாம் எழுதியிருக்கின்றது. யுத்த காலத்தில் உலோகம் மிச்சம் பிடிக்க 1943-லிருந்து ஓட்டை போட்டு அடித்த காசு இது என்று விளக்கமும் சொல்லுகின்றார். பூதத்தைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் உறையைப் பிரிக்குமுன்பே எழுந்து போய்விடுகின்றார்கள். மீதிப் பேர் ஓட்டை வழியாக ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டுப் பாட்டியின் சுருக்குப்பையில் இதுபோல இருந்ததென்று சொல்லத் தொடங்குகின்றார்கள்.