மூட்டை கட்டும் டீம்கள்

ஐஸ் ஹாக்கி என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் சொல்லப்போவது ஐஸைப் பற்றி அல்ல, டிரான்ஸ்ஃபரைப் பற்றி. 'உங்கள் பிராஞ்ச் சரியாகப் போகவில்லை, மூடுகிறோம்' என்று ஹெட் ஆபீஸிலிருந்து ஓலை வந்தால் வயிற்றுக்குள் என்ன செய்யும் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் தாராளமாகப் படிக்கலாம். ஆட்டத்தின் விதிகள் தெரிய வேண்டியதில்லை. வழுக்கும் தரை, பக்கத்துக்கு ஆறு பேர், கையில் வளைந்த மட்டை, நடுவில் தோசைக்கல்லுக்குப் பிறந்த குட்டி மாதிரி ஒரு கறுப்பு ரப்பர் வில்லை. அவ்வளவு போதும்.

அமெரிக்காவிலும் கனடாவிலுமாக நடக்கிற நேஷனல் ஹாக்கி லீகில், அதாவது என்.எச்.எல்.லில், இன்றைக்கு 32 டீம்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஓர் ஊரின் பெயரோ மாநிலத்தின் பெயரோ ஒட்டியிருக்கும். ஆனால் பட்டா ஊர்க்காரர்கள் பேரில் இல்லை, முதலாளி பேரில் இருக்கிறது. நஷ்டம் என்றால் அவர் விற்கலாம். வாங்கியவர், மற்ற டீம் முதலாளிகள் தலையாட்டினால், மொத்த டீமையும் வேறு ஊருக்கு ஏற்றிக்கொண்டு போகலாம். ஆட்டக்காரர்கள் போவார்கள், கோச் போவார், மட்டைகள் போகும். ரசிகன் மட்டும் பஸ் போன பிறகு ஸ்டாப்பில் நிற்பவன் மாதிரி நிற்பான்.

1993-லிருந்து 1997-க்குள் இப்படி நாலு டீம்கள் மூட்டை கட்டின. மின்னசோட்டா டல்லாஸுக்குப் போனது. க்யூபெக் டென்வருக்கு. வின்னிபெக் ஃபீனிக்ஸுக்கு. ஹார்ட்ஃபோர்ட் நார்த் கரோலினாவுக்கு. எல்லாவற்றுக்கும் சொன்ன காரணம் ஒன்றுதான்: 'நல்ல மார்க்கெட்டுக்குப் போகிறோம்.'

இந்த 'நல்ல மார்க்கெட்' என்ற வார்த்தையைத்தான் கொஞ்சம் தட்டிப் பார்க்க ஆசை.

வின்னிபெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவின் நடுவில் இருக்கிற ஊர். ஜனவரி ராத்திரியில் மைனஸ் 20 டிகிரி அங்கே சர்வசாதாரணம். அந்தக் குளிரிலும் வீட்டை விட்டுக் கிளம்பி, இன்னும் கொஞ்சம் ஐஸைப் பார்க்கப் போகிறவர்கள். அவர்களுடைய டீமின் பெயர் ஜெட்ஸ். அதில் டீமு செலானி என்ற ஃபின்லாந்து இளைஞர் 1992-93 சீசனில், முதல் வருஷத்திலேயே, 76 கோல் போட்டார். புதுமுகம் ஒருவரின் சாதனையாக அது இன்றும் நிற்கிறது.

அப்புறம் ஏன் போனார்கள்? கணக்குதான். டிக்கெட் விற்பது கனடா டாலரில், ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் அமெரிக்க டாலரில். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கனடா டாலருக்கு அமெரிக்கப் பணம் எழுபது சென்ட் சொச்சம்தான் கிடைத்தது. சம்பளத்துக்கு உச்சவரம்பு என்று எதுவும் அப்போது கிடையாது. நியூயார்க்காரர் ஏலத்தை ஏற்றினால் வின்னிபெக்காரரும் ஏற்ற வேண்டும். ஸ்டேடியமோ 1955-ல் கட்டியது. எலிசபெத் ராணியின் பிரம்மாண்டமான படம் உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் கம்பெனி முதலாளிகள் சொகுசாக உட்கார்ந்து பார்க்கிற தனி அறைகள் போதவில்லை. காசு அந்த அறைகளில்தான் கொட்டும். ராணி படத்துக்கு வாடகை வசூலிக்க முடியாதே!

1995-ல் ஊரே தெருவுக்கு வந்தது. பேரணி, வசூல், குழந்தைகள் உண்டியலை உடைத்துக் கொடுத்தது என்று என்னென்னவோ நடந்தது. முதலாளிக்குத் தேவைப்பட்டது கோடிகளில். உண்டியலில் இருந்தது சில்லறை. டீம் ஆறரைக் கோடி டாலருக்குக் கைமாறியது. 1996 ஏப்ரல் 28-ல் டெட்ராய்ட்டிடம் 4-1 என்று தோற்ற கடைசி மேட்ச்சோடு ஜெட்ஸ் பாலைவன ஊரான ஃபீனிக்ஸுக்குப் பறந்து, கயோட்டீஸ் ஆனது.

இந்த இடத்தில் ஆபீஸில் பக்கத்து சீட் நண்பர் குறுக்கே வந்தார். "ஏன் சார், ஸ்கேட்டைக் கட்டிக்கிட்டே பொறக்கிறவங்க ஊர்ல ஓடாத டீம், நாற்பது டிகிரி வெயில்ல எப்படி சார் ஓடும்? ஐஸ் உருகிடாதா?"

ஐஸ் உருகாது, சார். ஏ.சி. இருக்கிறது. பாலைவனத்தையும் வெயிலையும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. டல்லாஸ் போன டீம் 1999-ல் கோப்பை வாங்கியது. லாஸ் வேகாஸும் பாலைவனம்தான். அங்கே 2017-ல் ஆரம்பித்த டீம் 2023-ல் கோப்பையைத் தூக்கியது. ஃபீனிக்ஸில் உருகியது வேறு.

முதலில் கிடைத்தது பாஸ்கெட்பாலுக்காகக் கட்டிய ஸ்டேடியம். மேலே சில வரிசைகளில் உட்கார்ந்தால் ஒரு பக்கத்து கோல் தெரியாது. சினிமா தியேட்டரில் தூணுக்குப் பின்னால் சீட் கிடைத்த மாதிரி! 2003-ல் க்ளெண்டேல் என்ற பக்கத்து ஊருக்குப் போனார்கள். அது மேற்கே. டிக்கெட் வாங்குகிற ரசிகர்களில் ஏராளமானோர் கிழக்கே. சாயங்காலம் ஆபீஸ் விட்டு டிராஃபிக்கில் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய் மேட்ச் பார்ப்பது எப்படிப்பட்ட அனுபவம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2009-ல் டீம் திவால். அப்போதுதான் தமாஷ். பிளாக்பெர்ரி போன் கம்பெனியின் ஜிம் பால்சிலி 21 கோடி டாலருக்கு மேல் தருகிறேன், கனடாவில் ஹாமில்டனுக்குக் கொண்டுபோகிறேன் என்று வந்தார். ஹாக்கிக்காக உயிரை விடுகிற பிரதேசம் அது. நல்ல மார்க்கெட் என்றால் அதைவிட நல்ல மார்க்கெட் வேண்டுமா? மற்ற டீம் முதலாளிகள் ஓட்டுப் போட்டார்கள். 26-0. ஹாக்கியில்கூட அப்படி ஒரு ஸ்கோர் பார்த்ததில்லை! இவர் எங்களுக்கு ஒத்துவர மாட்டார் என்றார்கள். கோர்ட்டும் அவருடைய திட்டத்தை ஏற்கவில்லை. கடைசியில் லீகே 14 கோடிக்கு டீமை வாங்கி வைத்துக்கொண்டது. டீம் ஊரை விட்டுப் போகாமல் இருக்க, க்ளெண்டேல் நகராட்சி இரண்டு சீசனுக்கு, சீசனுக்கு இரண்டரைக் கோடி டாலர் வீதம் மக்கள் வரிப்பணத்திலிருந்து லீகுக்கு அழுதது.

அதற்கப்புறமும் முதலாளிகள் மாறினார்கள், முகம் மாறவில்லை. 2022-ல் க்ளெண்டேலும் கதவைச் சாத்த, டீம் ஒரு பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் ஒண்டுக்குடித்தனம் போனது. மொத்தம் 4,600 சீட். 2023 மே மாதம், டெம்பி என்ற ஊரில் புது ஸ்டேடியம் கட்டலாமா என்று மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். 'வேண்டாம்' ஜெயித்தது. 2024 ஏப்ரல் 17-ல் எட்மன்டனை 5-2 என்று ஜெயித்தார்கள். மறுநாள் சால்ட் லேக் சிட்டிக்கு மூட்டை கட்ட ஒப்புதல். விலை 120 கோடி டாலர். ஆறரைக் கோடிக்குக் கைமாறிய டீம்! இருபத்தெட்டு வருஷம் நஷ்டப் பாட்டு பாடிய சரக்கு இந்த விலைக்குப் போகிறதென்றால், நஷ்டம் யாருக்கு என்று யோசிக்கத் தோன்றுகிறதல்லவா?

இத்தனை கூத்துக்கு நடுவில் ஃபீனிக்ஸ் பக்கத்து ஸ்காட்ஸ்டேலில் ஒரு சின்னப் பையன் அந்த டீமின் மேட்சுகளைப் பார்த்துப் பார்த்து ஹாக்கி பைத்தியம் ஆனான். பெயர் ஆஸ்டன் மேத்யூஸ். 2016-ல் லீகின் முதல் தேர்வாக டொரன்டோ அவரை எடுத்தது. பாலைவனம் வளர்த்த பையன் கனடாவுக்கே போய் கோல் போடுகிறார். ஊருக்கு ஆட்டம் பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்கள் இவரை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

சரி, வின்னிபெக் என்ன ஆயிற்று? அதுதான் கதையின் முக்கியமான கட்டம்.

2011-ல் அட்லான்டா டீம் நஷ்டத்தில் தள்ளாடியது. (அட்லான்டாவுக்கு இது இரண்டாம் தடவை. 1980-ல் ஒரு டீமை கால்கரிக்குப் பறிகொடுத்த ஊர்.) அதை 17 கோடி டாலருக்கு வின்னிபெக்காரர்கள் வாங்கினார்கள். அதில் 6 கோடி, டீமை இடம் மாற்ற லீகுக்குக் கட்டிய கட்டணம். மூன்று முதல் ஐந்து வருஷம் வரை தொடர்ந்து வாங்குகிறேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் சீசன் டிக்கெட். இலக்கு 13,000. முன்பதிவு போக மிச்சம் இருந்ததைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 17 நிமிஷத்தில் காலி! ஜெட்ஸ் என்ற பழைய பெயரே திரும்பி வந்தது.

இப்போது சொல்லுங்கள். 1996-ல் 'மோசமான மார்க்கெட்', 2011-ல் 'நல்ல மார்க்கெட்'. அதே ஊர், அதே குளிர், அதே ஜனங்கள். உண்டியல் உடைத்த குழந்தைகள் வளர்ந்து சம்பாதித்து டிக்கெட் வாங்க வரிசையில் நின்றிருப்பார்கள். மாறியது என்ன? 2004-ல் ஊரின் நடுவில் புது ஸ்டேடியம் வந்துவிட்டது. 2005-ல் லீக் சம்பளத்துக்கு உச்சவரம்பு கட்டிவிட்டது. 2011-ல் கனடா டாலர் அமெரிக்க டாலருக்குச் சமமாக நின்றது. டேவிட் தாம்ஸன் என்ற, கனடாவின் மகா பணக்காரர்களில் ஒருவர், பங்குதாரராக வந்தார். கட்டடம், சட்டம், டாலர், முதலாளி. இந்த நாலும் சேர்ந்தால் அதற்குப் பெயர் நல்ல மார்க்கெட். ரசிகனின் பாசம் இந்தப் பட்டியலிலேயே இல்லை. அது முதலிலிருந்தே அங்கே இருந்தது!

அதற்காக ரசிகன் ஒன்றுமே செய்யாமல் காலாட்டிக்கொண்டு இருக்கலாம் என்று அர்த்தமில்லை. 2024 ஆரம்பத்தில் அந்த 13,000 சீசன் டிக்கெட், 9,500-க்கு இறங்கிவிட்டது. நடுவில் கொரோனா, விலைவாசி. இப்படியே போனால் நீண்ட நாளைக்குத் தாங்காது என்று முதலாளிகளில் ஒருவரே வாய் திறந்து சொல்ல, ஊருக்குப் பழைய பயம் மறுபடி வந்தது. ஏழரை லட்சம் பேர் இருக்கிற ஊர். (ஏழரை என்றதும் சனி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.) ஹாக்கியில் டி.வி. பணத்தைவிட டிக்கெட் பணம்தான் பெரிய சோறு. பாசம் வேறு, சீசன் டிக்கெட் வேறு. முதலாளிக்குக் கண்ணில் தெரிவது இரண்டாவது மட்டும்தான். அதற்கடுத்த சீசனில் ஜெட்ஸ் லீகிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தது என்பது வேறு விஷயம்.

க்யூபெக் கதை இன்னும் உருக்கம். டென்வருக்குப் போன அவர்களுடைய டீம், போன முதல் சீசனிலேயே, 1996-ல், கோப்பை வாங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்குக் குடிபோன மறுவாரமே லாட்டரி விழுந்த மாதிரி. மனம் தளராமல், நகரமும் மாகாண அரசும் பணம் போட்டு 18,000 பேருக்கு மேல் உட்காரும் புது ஸ்டேடியத்தை 2015-ல் கட்டி முடித்தார்கள். 2016-ல் லீக் புது டீமை லாஸ் வேகாஸுக்குக் கொடுத்தது. க்யூபெக்கின் மனுவைத் தள்ளி வைத்தது. அப்போது கனடா டாலர் மறுபடி இறங்கியிருந்ததும் ஒரு காரணம். கல்யாண மண்டபம் தயார், பந்தி தயார், மேளம் தயார். மாப்பிள்ளையைத்தான் காணோம்.

ஹார்ட்ஃபோர்டுக்கு அந்த மண்டபமும் இல்லை. ஆனால் அவர்களுடைய வேலர்ஸ் டீமின் சின்னம், திமிங்கிலத்தின் வாலும் ஆங்கில எழுத்துகளும் பின்னிய அழகான சின்னம், இன்றும் பனியனிலும் தொப்பியிலும் விற்கிறது. 2018 டிசம்பரில் கரோலினா டீமே அந்தப் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு மேட்ச் ஆடியது. சட்டையை விற்கவும் செய்தது. வீட்டை விட்டுப் போனவர், வீட்டுக்காரர்களுக்கே பழைய குடும்ப போட்டோவை காப்பி போட்டு விற்கிற மாதிரி. அதையும் காசு கொடுத்து வாங்குகிறார்கள் பாருங்கள், அவர்கள்தான் ரசிகர்கள்.

ஆகவே 'போதிய ஆதரவு இல்லாததால் டீம் வெளியேறுகிறது' என்று எங்காவது படித்தால் உடனே அந்த ஊர்க்காரர்களைத் திட்டாதீர்கள். நாலு கேள்வி கேளுங்கள். ஸ்டேடியம் யாருடையது? முதலாளியின் கடன் எவ்வளவு? சம்பளம் எந்த நாட்டுப் பணத்தில்? பர்மிஷன் கொடுக்கிறவர்கள் யார்? நாலுக்கும் பதில் தெரிந்த பிறகு, ஐந்தாவதாக ரசிகனைப் பற்றிப் பேசலாம்.

ஆபீஸில் பிராஞ்ச் மூடுகிறார்கள் என்றால், இதே நாலு கேள்வியை ஊர் பெயரை மட்டும் மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். பதில் கிடைக்குமா என்பது வேறு. குறைந்தபட்சம், 'என்னிடம்தான் ஏதோ குறை' என்று ராத்திரி தூக்கம் கெடாது.