எழுதித் தருவதும் எழுதக் கற்றுத் தருவதும்

முதுகலைத் தமிழ் மாணவர்கள் நான்காம் பருவத்தின் இறுதியில் ஆய்வேட்டுப் படியைக் கொண்டுவந்து ஆசிரியரின் மேசைமீது வைக்கும்போது பெரும்பாலும் ஒரே தொடரைத்தான் சொல்வார்கள்: "ஐயா, கொஞ்சம் பார்த்துக் கொடுங்க." ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இத்தொடரைக் கேட்டு வருகிறேன். இதில் வரும் 'பார்த்து' என்னும் வினையெச்சத்துக்கு மாணவர் கொள்ளும் பொருள் பிழை திருத்தம். ஆசிரியர் கொள்ளும் பொருள் கையொப்பம். எழுதியிருப்பது என்ன, எழுத வேண்டியிருந்தது என்ன என்பதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளாமலேயே காரியம் முடிந்துவிடுகிறது.

ஆசிரியர்கள் உதவுவதே இல்லை என்று பொதுப்படக் குறை கூறுவது நியாயமன்று. உதவுகிறார்கள், அந்த உதவியின் வகைதான் சிக்கல். மனம் இளகிய ஆசிரியர் ஒருவர், மாணவர் படும் பாட்டைப் பார்க்கச் சகியாமல், ஓர் இயல் முழுவதையும் தாமே திருத்தி எழுதிக் கொடுத்துவிடுகிறார். மாணவர் அதை நன்றியோடு வாங்கித் தட்டச்சுக்குத் தருகிறார். மதிப்பெண் வந்துவிடுகிறது, எழுத்து வருவதில்லை. இன்னொரு வகை ஆசிரியர் சிவப்பு மையை எடுத்து, வல்லினம் மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் மட்டும் திருத்தி அனுப்புகிறார். ஒற்றுப்பிழை திருத்துவதை நான் இழிவாகச் சொல்லவில்லை. தமிழாசிரியர் அதைச் செய்யாமல் வேறு யார் செய்வது? ஆயினும் ஒரு பத்தியில் சொல்ல வந்த கருத்தே இல்லாதபோது அதன் சந்தியைச் சரிசெய்வது, பெண் பார்க்காத வீட்டில் பந்தற்கால் நடுவதைப் போன்றது.

இவ்விரண்டுக்கும் இடையில் வேறோர் உதவி இருக்கிறது. அரைகுறையாக எழுதப்பட்ட இரண்டு பக்கங்களை வைத்துக்கொண்டு மாணவரும் ஆசிரியரும் எதிரெதிரே உட்கார்ந்து படிப்பது. 'இங்கே நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள்?' என்று கேட்டு, விடையை மாணவர் வாயாலேயே வரவழைத்து, 'இப்போது சொன்னீர்களே, அதை எழுதிக்கொண்டு வாருங்கள்' என்று அனுப்புவது. நம் தமிழ்த்துறைகளில் மிக அரிதாக நடப்பது இதுதான். முன்பைக் காட்டிலும் இப்போது இது கட்டாயமாகிவிட்டது என்பதே என் கட்சி. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மாணவி 'குறுந்தொகையில் தோழி' என்று தலைப்பு எடுத்துக்கொள்கிறார் என வைத்துக்கொள்வோம். தமிழின் தொன்மை, முச்சங்க வரலாறு, எட்டுத்தொகை பத்துப்பாட்டு அறிமுகம், முதல் கரு உரி என்று முப்பது பக்கங்கள் ஓடும். முப்பத்தொன்றாம் பக்கத்தில்தான் தோழி மெல்ல எட்டிப் பார்ப்பாள். அதன்பின் ஒரு பாடல், அதன் பொழிப்புரை, 'இதன்மூலம் தோழியின் அறிவுத்திறன் புலனாகிறது' என்றொரு முடிப்பு. மறுபடியும் ஒரு பாடல், பொழிப்புரை, புலனாகிறது. இந்த ஏட்டில் ஒற்றுப்பிழை ஒன்றும் இல்லாமலிருக்கலாம். ஆனால் ஆசிரியர் தொடக்கத்திலேயே சில கேள்விகளைக் கேட்டிருந்தால்? கடவுள் வாழ்த்து நீங்கலாக உள்ள 401 பாடல்களில் தோழி கூற்றாக அமைந்தவை எத்தனை? அவை தோழி கூற்று என்பதைப் பாடலே சொல்கிறதா, பின்னர்ச் சேர்க்கப்பட்ட கூற்றுக் குறிப்பு சொல்கிறதா? அக்குறிப்பை மறைத்துவிட்டுப் படித்தால் பேசுபவள் தோழிதான் என்று எத்தனை பாடல்களில் உறுதியாகச் சொல்ல முடியும்? 1915இல் வந்த சௌரிப்பெருமாள் அரங்கனார் பதிப்பையும் 1937இல் வந்த உ.வே.சா. பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களா? இந்த நான்கு கேள்விகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே முதல் முப்பது பக்கங்கள் தாமாக உதிர்ந்துவிடும். எந்த வாக்கியத்தையும் ஆசிரியர் எழுதித் தரவேண்டியதில்லை.

இதற்குரிய கருவிகள் நம்மிடம் இல்லாமலும் இல்லை. நன்னூல் பொதுப்பாயிரத்தில் பவணந்தியார் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தையும் நூலாசிரியன் கொள்ளும் மதங்கள் ஏழையும் எடுத்துரைக்கிறார். நாம் அவற்றை ஐந்து மதிப்பெண் வினாவாக மனப்பாடம் செய்விக்கிறோம். மாணவர் எழுதிய பக்கத்தின்மேல் ஒருநாளும் அவற்றை வைத்துப் பார்ப்பதில்லை. மேலே சொன்ன முப்பது பக்கங்களுக்கு 'மற்றொன்று விரித்தல்' என்பதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா? 'புலனாகிறது' வரிசைக்குக் 'கூறியது கூறல்'. முன்னுரையில் முழங்கிவிட்டு முடிவுரையில் மூச்சுவிட மறந்த ஏடுகளுக்குச் 'சென்று தேய்ந்து இறுதல்'. குற்றங்களைவிட மதங்கள் இன்னும் பயனுடையவை. பிறர் கருத்துக்கு உடன்படுவது, மறுப்பது, முதலில் ஏற்பதுபோல் ஏற்றுப் பின் களைவது, இருவர் முரண்பட்ட இடத்தில் ஒருவர் பக்கம் துணிவது எனச் செல்லும் அப்பட்டியல், ஆய்வாளன் முன்னாய்வுகளோடு எவ்வெவ்வகையில் உறவு கொள்ளலாம் என்பதற்கு ஓர் அருமையான வழிகாட்டி. நம் மாணவர்களுக்கோ இவற்றுள் உடன்படுதல் ஒன்றே தெரியும். 'இன்னார் கூறுவர்' என்று மேற்கோள் தந்து அடுத்த பத்திக்குப் போய்விடுவார்கள். அந்த இன்னாரோடு நீங்கள் ஒத்துப்போகிறீர்களா என்று கேட்டால் திகைத்து நிற்பார்கள். அப்படியொரு கேள்வி கேட்கப்படலாம் என்பதே அவர்களுக்குச் செய்தி.

முன்னோர் மொழிந்த பொருளை மட்டுமன்றி அவர்தம் மொழியையும் பொன்போல் போற்றலாம் என்ற கருத்தும் அதே பாயிரத்தில் உண்டு. இன்று அதை வேறுவிதமாகப் போற்றுகிறார்கள். மேற்கோள் குறி இல்லாமல். பல்கலைக்கழக மானியக்குழு 2018இல் வெளியிட்ட கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிகள் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்கின்றன. 60ஐத் தாண்டினால் ஆய்வாளரின் பதிவே நீக்கப்படும். விதி நல்லதுதான். ஆனால் அதை மாணவருக்கு விளக்கிச் சொல்வார் இல்லாததால் விளைந்தது ஒரு வேடிக்கை. விழுக்காடு ஏறிவிடும் என்று அஞ்சிச் சங்கப் பாடல் வரிகளையே ஏட்டிலிருந்து வெட்டி எடுக்கிறார்கள். உரியவர் பெயரோடு முறையாகத் தரப்பட்ட மேற்கோள்கள் அந்தக் கணக்கில் சேரா என்று அவ்விதியிலேயே இருக்கிறது. பத்து நிமிடம் பேசினால் தீரக்கூடிய அச்சம் இது.

ஆசிரியர் பேசாத இடத்தில் வேறொருவர் பேசத் தொடங்கிவிடுகிறார். கல்லூரி வாயிலுக்கு எதிரே உள்ள டி.டி.பி. கடைக்காரரைத்தான் சொல்கிறேன். எல்லா ஊர்களிலும் இவர் உண்டு. உறுதிமொழிச் சான்றிதழ் எப்படி இருக்க வேண்டும், இயலுக்கு எத்தனை பக்கம், எந்த நெறியாளருக்கு எந்த அட்டை பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சென்ற ஆண்டு ஏட்டின் கோப்பு அவர் கணினியில் இருக்கும். முன்னுரையில் தலைப்பை மட்டும் மாற்றினால் போதும் என்று அன்போடு யோசனை சொல்வார். மாணவர் அவரிடம் தயங்காமல் கேட்கிறார். அவரும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறார். இந்த ஒரு குணத்தை அவரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றுகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் அவருக்கும் ஒரு போட்டியாளர் முளைத்துவிட்டார். நள்ளிரவிலும் சலிக்காத அந்த இயந்திரம் ஒழுங்கான பத்திகளைத் தருகிறது. கூடவே, யாரும் எழுதாத நூல்களைத் துணைநூற்பட்டியலில் சேர்த்தும் தருகிறது. அதைத் தடை செய்வதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. தம் பக்கங்களை ஒரு மனிதர் உட்கார்ந்து படிப்பார், கேள்வி கேட்பார் என்ற எதிர்பார்ப்பு மாணவருக்கு இருந்தால் அதன் கவர்ச்சி ஓரளவேனும் குறையும்.

இனி, முன்பு சொல்வதாகச் சொன்ன காரணம். ஆய்வெழுத்தை நம்மில் பலர் கற்றது ஆய்வியல் நிறைஞர் பட்டத்தின்போதுதான். ஓராண்டு, ஒரு நெறியாளர், ஒரு சிறிய ஏடு. அந்தப் படிப்பின் தரத்தைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம், நானே சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் தவறாக எழுதித் திருத்திக்கொள்ள அது இடம் கொடுத்தது. மானியக்குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகள் அந்தப் பட்டத்தை நிறுத்திவிட்டன. முதுகலை முடித்தவர் நேரே முனைவர் பட்டத்துக்கு வரலாம். நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர் முதுகலையும் இல்லாமல் வரலாம். ஆக, ஏணியின் நடுப்படி போய்விட்டது. முன்பு நிறைஞர் பட்டத்துக்கென்று தள்ளிவைத்த பயிற்சியை இனி முதுகலை வகுப்பில்தான் கொடுத்தாக வேண்டும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு இதில் இழப்பு அதிகம். படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு வரைவைக் காட்ட வீட்டில் ஓர் அண்ணனோ சித்தப்பாவோ இருப்பார். வயலிலிருந்தும் தறியிலிருந்தும் வருகிற பிள்ளைக்கு நாம் மட்டுமே இருக்கிறோம்.

நேரம் எங்கே என்று சக ஆசிரியர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணிநேர வகுப்பு. அதற்குமேல் தேர்வுப் பணி, சேர்க்கைப் பணி, கோப்புப் பணி. கோப்புகளில் ஒன்று 'டியூட்டர் வார்டு' குறிப்பேடு. ஒவ்வோர் ஆசிரியரிடமும் சில மாணவர்களை ஒப்படைத்து வழிகாட்டச் சொல்லும் இந்த ஏற்பாடு நல்ல நோக்கத்தில் பிறந்தது. நாக் குழு வரும்போது எடுத்து வைக்கும் அக்குறிப்பேட்டில் மாணவரின் இரத்த வகை இருக்கும், தந்தையின் தொழில் இருக்கும், வருகை விழுக்காடு இருக்கும். அவர் எழுதிய ஒரு பக்கம்கூட இராது. அதே சந்திப்பில் பாதி நேரத்தை மாணவரின் வரைவுக்குக் கொடுத்தால் புதிதாக எந்த ஆணையும் தேவையில்லை.

இன்னொரு வழியும் அந்த 2022 விதிமுறைகளிலேயே கிடக்கிறது. முனைவர் பட்ட ஆய்வாளர்கள் எல்லாரும் தம் துறை சார்ந்து கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி பெறவேண்டும் என்றும், அவர்களுக்கு வாரம் 4 முதல் 6 மணிநேரம் கற்பித்தல் அல்லது ஆய்வுத் துணைப்பணி ஒதுக்கலாம் என்றும் அவை கூறுகின்றன. நடைமுறையில் இந்த நேரம் விடைத்தாள் கட்டுவதிலும் கருத்தரங்கப் பதாகை ஒட்டுவதிலும் கரைகிறது. ஒவ்வோர் ஆய்வாளரிடமும் மூன்று முதுகலை மாணவரை ஒப்படைத்து, வாரம் ஒருமுறை அவர்களுடைய இரண்டு பக்கங்களைப் படிக்கச் சொன்னால் என்ன? ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டாலும் புலமையில் கால் பங்குதான் வரும், உடன் பயில்வாரோடு பழகுவதில் இன்னொரு கால், மீதிப் பாதி பிறர்க்கு உரைப்பதில்தான் என்று கணக்குப் போட்டவரும் நம் பவணந்தியார்தான். உதவி பெறும் மாணவரைவிட உதவும் ஆய்வாளருக்கே இதில் ஆதாயம் மிகுதியாக இருக்கும்.

எதுவரை உதவி, எங்கிருந்து அது எழுதித் தருவதாகிறது என்ற எல்லை பற்றி ஆசிரியர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. என் அளவுகோல் எளிது. பேனா மாணவர் கையில் இருக்கும்வரை எவ்வளவு நேரம் பேசினாலும் அது உதவி. ஆசிரியர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி மாணவர் அதை அப்படியே எழுதிக்கொண்டால் அங்கே நிறுத்திவிட வேண்டும்.

மாணவர்களுக்கும் சில சொல்ல வேண்டும். உதவி கேட்பதில் வெட்கம் வேண்டாம். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர், சீவகசிந்தாமணியில் சமண சமயச் செய்திகள் விளங்காமல், அவ்வூர்ச் சமணர்களை நாடிச் சென்று கேட்டுத் தெளிந்ததை 'என் சரித்திர'த்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1887இல் அப்பதிப்பு வந்தது. அவர் போனது 'கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள்' என்று சொல்லவன்று. தமக்கு விளங்காத இடம் இன்னது என்று குறித்துக்கொண்டு போனார். நீங்களும் அப்படியே வாருங்கள். 'இந்தப் பத்திக்கும் அடுத்ததற்கும் தொடர்பு வரவில்லை', 'இந்த மேற்கோளுக்குப் பின் என்ன சொல்வதென்று தெரியவில்லை' என்று கேட்டால் எவ்வளவு கடுமையான ஆசிரியரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். ஏப்ரலில் நூறு பக்கத்தைக் கொண்டுவந்தால் அவரால் கையொப்பம்தான் போட முடியும். டிசம்பரில் பருவம் தொடங்கிய முதல் வாரத்திலேயே இரண்டு பக்கங்களோடு வந்துவிடுங்கள். தட்டச்சு வேண்டாம், கையெழுத்திலேயே இருக்கட்டும். அச்சுப்போல் வெள்ளையாக இருக்கும் தாளை அடித்துத் திருத்த ஆசிரியருக்கும் மனம் வருவதில்லை.