சின்னப்பா கம்பெனிப் பையன்

போன ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டியில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு ஒரு பக்கம் தங்கை பேத்தி, மறுபக்கம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். பிள்ளையின் செல்போன் உறையில் ஏழு கொரியப் பையன்களின் படம். வாத்தியார் கண்ணில் அது பட்டுவிட்டது. “இவனுக பேரெல்லாம் தெரிஞ்சு என்ன செய்யப் போற தாயி? கட்டபொம்மன் தம்பி பேரு தெரியுமா?” என்று ஆரம்பித்தார். அவள் “ஊமைத்துரை” என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினாள். அப்படியும் அவர் விடவில்லை. ரசம் வந்து, மோர் வந்து, கை கழுவப் போகிற வரைக்கும் உபதேசம். இத்தனைக்கும் அவருடைய சட்டைப் பையில் எட்டிப் பார்த்தது எம்.ஜி.ஆர். படம் போட்ட அட்டை. எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

பிள்ளையிடம் பிறகு விசாரித்தேன். பி.டி.எஸ். என்கிற அந்தக் குழு 2013-இல் மேடையேறியது. 2022-இல், கொஞ்ச காலம் தனித்தனியாகப் பாடப் போகிறோம் என்று அறிவித்தார்கள். அடுத்து, அந்த நாட்டுச் சட்டப்படி ஒவ்வொருவராகக் கட்டாயப் பணிக்குப் போனார்கள். 2025 ஜூனில்தான் கடைசி ஆளும் வெளியே வந்தார். நடுவில் யார் எப்போது தனிப்பாட்டு வெளியிட்டார், யாருக்கு எப்போது முடி வெட்டினார்கள் என்பதுவரை இவளுக்கு மனப்பாடம். “ஏழு பேர்ல யாரும்மா ஒஸ்தி?” என்றேன். “ஏழு பேரும்தான் தாத்தா” என்றாள். இந்தப் பிள்ளைகளின் பித்து எதுவரை போகும் என்பது ஊரறிந்த சங்கதி. 2024 ஜனவரியில் கரூர்ப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் மூன்று பேர் விசாகப்பட்டினம் போய்க் கப்பலேறி கொரியாவுக்கே போய்விடுவதாகக் கிளம்பி, காட்பாடியில் மீட்கப்பட்டார்களே!

இந்த வாரம் இதைத்தான் எழுதுவதாக இருந்தேன். வாத்தியாரின் சட்டைப் பை என்னை வேறு பக்கம் இழுத்துவிட்டது. அந்தப் பைக்குள் இருந்தவரே ஒரு பையன்கள் குழுவிலிருந்து வந்தவர்தானே?

மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. எம்.ஜி.ஆரும் அண்ணன் சக்கரபாணியும் பால்யத்திலேயே சேர்ந்த இடம். அந்த நாளில் இப்படிப் பல கம்பெனிகள். பெரிய நடிகர்கள் குடித்துவிட்டு வருகிறார்கள், நேரத்துக்கு வருவதில்லை, பாடத்தை இஷ்டத்துக்கு மாற்றுகிறார்கள் என்று வெறுத்துப்போய்த்தான் பையன்களை வைத்து நாடகம் போடும் வழக்கம் பரவியது. 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபைக்கு ஆசிரியராக வந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். நம்ம ஜில்லாக்காரர், தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டி.

தி.க. சண்முகம் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’யை மறுபடியும் இழுக்கப் போகிறேன். வாடிக்கையான வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். 1972-இல் வந்த புத்தகம். சின்னப் பையன் சண்முகத்துக்காகவே சுவாமிகள் ஒரே ராத்திரியில் உட்கார்ந்து ‘அபிமன்யு சுந்தரி’யை எழுதி முடித்ததை அதில் படிக்கிறபோதெல்லாம், எண்ணெய் வற்ற வற்ற ஊற்றிக்கொண்டே இருந்த விளக்கும் கண்ணுக்குத் தெரிகிறது. விளக்கு புத்தகத்தில் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அது நான் ஏற்றிக்கொண்டது.

கம்பெனி வீட்டிலேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை, பிரம்போடு வாத்தியார். ராஜபார்ட்டும் பையன்தான், ஸ்திரீபார்ட்டும் பையன்தான். மகரக்கட்டு வந்து தொண்டை உடைந்ததோ, நேற்றைய ராஜா இன்றைக்குச் சேவகன், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பி.யு. சின்னப்பாவுக்கு அதுதான் நடந்தது. ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் கொடிகட்டிப் பறந்த குரல் ஒரு நாள் உடைந்தது. மனுஷர் சோர்ந்துவிடவில்லை. தேகப்பயிற்சி, சிலம்பம் என்று உடம்பைத் தேற்றினார், முறையாகச் சங்கீதம் கற்றார், சினிமாவுக்குப் போனார். 1940-இல் ‘உத்தமபுத்திரன்’ இரட்டை வேடம், 1942-இல் ‘கண்ணகி’, 1944-இல் ‘ஜகதலப்பிரதாபன்’. அந்தப் படத்தில் ஒரு கச்சேரி வரும். பாடுகிறவரும் சின்னப்பா, பக்கவாத்தியக்காரர்களும் சின்னப்பா.

அதைப் பார்க்கப் புதூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு போன கூட்டத்தில் எங்கள் பெரியம்மாவும் ஒருத்தி. பருத்தி எடுத்த கூலியைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு போனாளாம். சாகிற மட்டும் அவளுக்குச் சினிமா என்றால் சின்னப்பாதான். ஆனால் அவரோடு நிற்கவில்லை. கம்பெனிக்காரர்கள் அத்தனை பேரையும் உறவுமுறை போலக் கணக்கு வைத்திருந்தாள். பையன்களுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்த காளி என். ரத்தினம் 1941-இல் ‘சபாபதி’யில் வேலைக்காரனாக வந்து ஊரைச் சிரிக்க வைத்தார். “வாத்தியாரு பிழைச்சுக்கிட்டாரு” என்பாள். எம்.ஜி.ஆர். பெயரை எடுத்தால், “அவரு நம்ம சின்னப்பா கம்பெனிப் பையன்லா” என்று ஒரே வார்த்தை. 1977-இல் அவர் முதலமைச்சரானபோதும் அதே வார்த்தைதான். ஓட்டும் அவருக்கே போட்டாள். கேட்டால், “நம்ம பையன், போடாம?”

பெரியம்மா ஏன் அப்படிப் பேசினாள் என்பது ‘ரத்னகுமார்’ பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. 1949-இல் வந்த படம். நாயகன் சின்னப்பா, நாயகி பானுமதி. எம்.ஜி.ஆருக்கு ஒரு சின்ன வேடம். 1947-இலேயே ‘ராஜகுமாரி’யில் நாயகனாகிவிட்டவர் அவர்! பெரியம்மா அவரை அளந்தது ‘ரத்னகுமார்’ கணக்கில். இரண்டே வருஷம். 1951 செப்டம்பரில் சின்னப்பா முப்பத்தைந்து வயதில் போய்ச் சேர்ந்தார். சின்ன வேடக்காரர் நாட்டை ஆண்டார்.

ஜெயித்தவனை மட்டும் துரத்துகிறவன் ரசிகனே அல்ல என்பது என் கட்சி. நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியிலிருந்து வந்த நம்பியார் ‘திகம்பர சாமியா’ரில் பதினொரு வேடம் கட்டியதையும், யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியில் சிவாஜியோடு இருந்த காக்கா ராதாகிருஷ்ணன் 1992-இல் ‘தேவர் மக’னில் அவருக்கே பங்காளியாக வந்து நின்றதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரிய தேவரும் சின்னத் தேவரும் எதிரெதிரே முறைத்துக்கொள்கிற இடத்தில் எனக்குக் கதை மறந்துபோகும். அரைக்கால் சட்டை போட்ட இரண்டு பேர் ஒரே பாயில் படுத்திருந்தது நினைப்பில் வந்து சிரிப்பு வந்துவிடும்.

இப்படித் தேடுகிறவனுக்கு ஒரே வழி, பழைய படங்களின் தொடக்கத்தில் ஓடுகிற பெயர்கள். தோழனாக வந்தவர் யார், மந்திரியாகத் தாடி ஒட்டி நின்றவர் எந்தக் கம்பெனி என்று அங்கேதான் நூல் பிடிக்க முடியும். அதில்தான் இப்போது கை வைக்கிறார்கள். சில சேனல்களில் பெயரையே வெட்டிவிட்டு நேரே அரண்மனைக்குள் போய்விடுகிறார்கள். யூடியூபில் ஏற்றுகிறவர்கள் துணை நடிகர்கள் பெயர் மேலேயே தங்கள் முத்திரையைக் குத்துகிறார்கள். இதைப் பற்றி ஏற்கெனவே இங்கே புலம்பியிருக்கிறேன், இனியும் புலம்புவேன். கொரியப் பையன்கள் ஏழு பேருக்கும் பிறந்தநாள் முதற்கொண்டு பதிவாகியிருக்கிறது. நம் கம்பெனிப் பையன்களில் பாதிப் பேருக்குப் பெயர் இருக்கிற ஒரே இடம் அந்த இரண்டு நிமிஷம்.

பழைய படம் போடுகிற புண்ணியவான்களே, பெயர்கள் முழுசாக ஓடட்டும். அதற்குப் பிறகு எத்தனை விளம்பரம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், பார்க்கிறேன்.