நாலு இருபது எண்பது

பேத்திக்கு நாலரை வயது. எல்.கே.ஜி. படிக்கிறாள். ஒன்றிலிருந்து நூறு வரை எழுதுவதில் பின்தங்கியிருக்கிறாள் என்று போன மாதம் பள்ளியிலிருந்து குறிப்பு வந்தது. மகன் உடனே ட்யூஷன் வைக்கலாம் என்றான். நாலரை வயதுக்கு ட்யூஷனா, வேண்டாம் என்றேன். இரண்டு நாள் வீட்டில் பேச்சு குறைந்துபோனது. வாயால் சொல்லி முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

நூறு வரை அவள் ஆங்கிலத்தில் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். ஆனால், "சாப்பிட அஞ்சு பேர் இருக்கோம், அஞ்சு தட்டு எடுத்து வா" என்றால், கைக்கு அகப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தாள். எண்ணச் சொன்னேன். ஏழு வரை சரியாக எண்ணினாள். "மொத்தம் எத்தனை?" என்றேன். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. பாட்டு தெரிகிறது, கணக்கு இன்னும் வரவில்லை. இதற்கு எழுத்துப் பயிற்சி மருந்தாகாது.

எனக்கு இது சொந்த அனுபவம். 1954 நவம்பரில் புதுச்சேரி கைமாறிய பிறகும் இங்கே பிரெஞ்சு வழிப் பள்ளிகள் நடந்தன. அப்படி ஒன்றில்தான் என்னைச் சேர்த்தார்கள். பிரெஞ்சில் எழுபதை 'அறுபது பத்து' என்பார்கள். எண்பது 'காத்ர் வேன்', அதாவது 'நாலு இருபது'. தொண்ணூறோ 'நாலு இருபது பத்து'. வாத்தியார் 'காத்ர் வேன்' என்றார். நான் பலகையில் 4 போட்டு, பக்கத்தில் 20 போட்டு, 420 என்று எழுதிக் காட்டினேன். விரல் முட்டியில் அடிக்கோல் விழுந்தது. (பின்னாளில் அலுவலகத்தில் 420-க்கு வேறு அர்த்தம் இருந்தது, அப்போது நான் ஒரு பாவமும் அறியாதவன்.)

வீட்டுக்கு வந்து அழுதேன். என் ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. களத்தில் நெல் அளக்கும்போது 'லாபம், ரெண்டு, மூணு' என்று எண்ணிப் பழகியவள். புளியங்கொட்டையைக் கொட்டி, இருபது இருபதாக நாலு குவியல் வைக்கச் சொன்னாள். "நாலு இருபது எண்பதுதானே ராசா, உங்க வாத்தியாரு சரியாத்தான் சொல்லியிருக்காரு" என்றாள். பிறகு அதே கொட்டைகளைப் பத்துப் பத்தாகப் பிரிக்கச் சொன்னாள். எட்டுக் குவியல் வந்தது. "எட்டுப் பத்து, அதான் எண்பது." அன்றைக்கு இரண்டு மொழியும் எனக்கு ஒரே நேரத்தில் புரிந்தன.

அதனால்தான் வீட்டில் முதல் எண்ணிக்கை தமிழில் இருக்கட்டும் என்கிறேன். பதினொன்று என்ற சொல்லுக்குள் பத்தும் இருக்கிறது, ஒன்றும் இருக்கிறது. 'இலெவன்' என்பதில் குழந்தையின் காதுக்கு எந்தப் பத்தும் கேட்பதில்லை. தமிழிலும் தொண்ணூறு கொஞ்சம் குழப்பும்தான், மறுக்கவில்லை.

சுவிட்சர்லாந்துக்காரரான ழான் பியாஜே, குழந்தை மனதில் எண் எப்படி உருவாகிறது என்று 1941-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். இரண்டு வரிசையில் சமமாகப் பொருள்களை வைத்து, ஒரு வரிசையை மட்டும் அகலப்படுத்தினால், அதில்தான் அதிகம் இருக்கிறது என்று சிறு குழந்தைகள் சொல்வார்கள் என்று அதில் காட்டினார். பேத்தியிடம் புளியங்கொட்டையை வைத்துப் பார்த்தேன். அவளும் அப்படியே சொன்னாள். அது மந்தம் இல்லை, வயது. தொட்டு, நகர்த்தி, திரும்ப எண்ணித்தான் அதைக் கடக்க வேண்டும்.

வடிவங்களும் இப்படித்தான். படப்புத்தகத்தில் முக்கோணம் எப்போதும் கீழ்க்கோட்டில் உட்கார்ந்தே இருக்கிறது. தலைகீழாகக் காட்டினால் பேத்தி முக்கோணம் இல்லை என்கிறாள். சதுரத்தைச் சாய்த்தால் 'டைமண்ட்' ஆகிவிடுகிறது! ஒரு கைக்குட்டையைக் கொடுத்து மூலைக்கு மூலை மடிக்கச் சொன்னேன். எப்படித் திருப்பினாலும் மூன்று மூலைதான் என்று அவளே விரல் வைத்து எண்ணினாள். வாசலில் ஒன்று, மூன்று, ஐந்து, மூன்று, ஒன்று என்று புள்ளி வைத்து வெளிப்புள்ளிகளைச் சேர்த்தால் சாய்ந்த சதுரம் வந்துவிடும். இதற்கு எந்த வகுப்புக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை.

இப்போது இரவுச் சாப்பாட்டுக்கு அவள்தான் தட்டு வைக்கிறாள். "தாத்தாவுக்கு ஒண்ணு, ஆயாவுக்கு ஒண்ணு" என்று ஆளுக்கு ஒன்றாக வைத்து, கடைசியில், "அஞ்சு" என்கிறாள். நேற்று மருமகள் ஊருக்குப் போயிருந்தாள். பேத்தி கேட்காமலே நாலு தட்டு எடுத்து வந்தாள். மகன் அதைப் பார்த்தான். "நூறு வரைக்கும் இன்னும் எழுதலையேப்பா" என்றான். எழுதுவாள். ட்யூஷன் பேச்சை மட்டும் அவன் எடுக்கவில்லை.

பேரன் பேத்தி உள்ளவர்கள் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையைக் கழுவிக் காயவைத்து எடுத்து வையுங்கள். ரொம்பச் சின்னக் குழந்தை என்றால் வாயில் போட்டுவிடும், அவர்களுக்கு ஸ்பூன் போதும். பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். நமக்குத்தான் நேரம் இருக்கிறதே.