துண்டும் திறவுகோலும்

நம் கல்லூரியின் பழைய பதிவேடுகளையும் ஒளிப்படங்களையும் கணினியேற்றி, முகிற் சேமிப்பகத்தில் வைத்தல் வேண்டுமெனப் பழைய மாணவர் சிலர் முனைந்திருப்பதாக அறிந்து மகிழ்ந்தேன். நானும் அவர்கள் பக்கத்தவனே. எனினும், அப்பணியிற் கையிடுமுன் ஒரு பொருள் பற்றி என் கருத்தைச் சொல்லிவைக்க விரும்புகின்றேன். தமிழாசிரியனுக்கு இதில் என்ன அலுவல் என்று கேட்பார் கேட்கட்டும். பசறையிலே என் பழைய மாணாக்கன் ஒருவன், பள்ளி ஆவணங்களைச் சேமித்தற்கு ஒரு சிறு செயலி எழுதியபோது, மாலைதோறும் அருகிருந்து பார்த்தேன். இடையிடையே குறுக்குக் கேள்வியும் கேட்டேன். அவ்வளவே என் தகுதி.

ஆவணம் என்பது பிறருக்கு நினைவுப்பொருளாக இருக்கலாம். மலையகத்தாருக்கு அஃது உயிர்நிலை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் எம்மவர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமோ, விவாகமானோர் 7 ஆண்டும் ஆகாதோர் 10 ஆண்டும் இந்நாட்டில் இடையறாது வசித்தமையை நிரூபிக்குமாறு கேட்டது. லயத்துக் காம்பராவிலே, கூரை ஒழுகும் மூலையிலே, தகரப் பெட்டியில் வைத்த காகிதம் எத்தனை மழையைத் தாங்கும்? அக்காலத்தில் ஒரு பள்ளிச் சேர்வுப் பதிவேடு, ஒரு தோட்டத்துச் செக்றோல், ஒரு குடும்பத்தின் தலைவிதியை மாற்ற வல்லதாயிருந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் அக்கணக்கைத் தீர்க்க முயன்றது உண்மை. ஆயினும், 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, உயிரோடு எஞ்சியவர்கள் உறவினரைத் தேடிய கையோடு அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் தேடவேண்டியிருந்தது. ஆதலின், காகிதத்துக்கு வேறோரிடத்திற் பிரதி இருத்தல் வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் சிறிதும் இல்லை.

முகில் என்றவுடன் நமுனுகுல மலையுச்சியை மூடுகின்ற முகிலை எண்ணிவிடலாகாது. இது மும்பாயிலோ சிங்கப்பூரிலோ ஒரு கட்டடத்துள் நிரை நிரையாக அடுக்கிய கணினிகளின் கூட்டமே. அமேசான் நிறுவனம் 2006 மார்ச்சு மாதத்தில் எஸ்3 என்னும் பெயரில் இத்தகைய சேமிப்பகத்தை எல்லோருக்கும் திறந்தது. அங்கே கோப்பு ஒவ்வொன்றும் 'பக்கெட்' எனப்படும் வாளியுள்ளே ஒரு பெயரோடு கிடக்கும். நம் செயலி அதனைப் பெற வேண்டுமாயின், இணையத்தின் வழி முறைப்படி விண்ணப்பம் எழுதி, ஒப்பமிட்டு அனுப்ப வேண்டும். அவ்வொப்பம் மறைதிறவுகோலைக் கொண்டு கணிக்கப்படுவது. திறவுகோல் மட்டும் வழியிற் செல்வதில்லை. இவ்வளவையும் செயலி எழுதுவோர் ஒவ்வொருவரும் தாமே எழுதப் புகுந்தால் ஆயுள் போதாது. அதனாற்றான் 'கிளையன்ட் லைப்ரரி' எழுந்தது. பெயர் நூலகம், புத்தகம் ஒன்றும் இராது. பிறர் எழுதிவைத்த கட்டளைத் தொகுதி அது. பைத்தன் மொழியில் எழுதுவோர் எடுத்தாள்வதற்குப் 'போட்டோ' என்றே ஒன்றுண்டு. அமேசான் ஆற்றிலே வாழும் ஓங்கிலின் பெயராம் அது. பெயர் வைத்தவர் நகைச்சுவை அறிந்தவர்.

"சேர், இது நம்ம கங்காணி மாதிரி. துரைக்கிட்ட நாம நேரா பேச வேண்டியதில்ல, இது பேசிக்கும்" என்றான் என் மாணாக்கன். அவன் பாட்டனார் கங்காணியாயிருந்தவர். அவன் சொன்ன உவமை எனக்குப் பொருத்தமாகவே தோன்றியது. இந்தக் கங்காணி வேலையிற் கெட்டிக்காரன். பசறையில் மழை பிடித்தால் இணைப்பு அறுவதும் மீள்வதும் இயல்பு. பெருங்கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து ஏற்றுவான். ஒரு துண்டு தவறினால் அத்துண்டையே மீண்டும் அனுப்புவான். உடனே முட்டி மோதாமல், சற்றுப் பொறுத்து, பின்னும் சற்று அதிகம் பொறுத்து முயல்வான். போய்ச் சேர்ந்தது முழுதா என்று சரிபார்ப்பு எண்ணைக் கொண்டு ஒப்பிடவும் செய்வான். பதிவேட்டின் ஒரு பக்கத்தை யாருக்கேனும் காட்ட வேண்டுமாயின், ஏழு நாளுக்கு மேற்படாத தவணையிட்ட இணைப்பொன்றைக் கொடுப்பான். வாளியைத் திறந்துபோட வேண்டியதில்லை. பிள்ளைகளின் பிறந்த திகதியும் பெற்றோர் பெயரும் உள்ள ஏடுகளுக்கு இஃது இன்றியமையாதது.

ஆனால் கங்காணியைப் பற்றி நம் முன்னோர் அறிந்தது இவ்வளவு மட்டும் அன்று. 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. கூட்டத்தின் கடன் இவ்வளவென்று அதில் எழுதப்பட்டிருக்கும். அத்தொகையைச் செலுத்த இசையும் தோட்டமே அவர்களை ஏற்கலாம். உழைப்பவன் கால்கள் அவனுடையவையாயினும், போகும் வழி அச்சீட்டினுடையது. 1921இல் அம்முறை ஒழிந்தது. கணினி உலகில் அஃது ஒழிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்கு மட்டுமே உரிய கிளையன்ட் லைப்ரரியைச் செயலியின் மூலைமுடுக்கெல்லாம் பின்னிவிட்டால், பின்னர் இடம் மாறுதல் செயலியையே மாற்றி எழுதுவதாக முடியும். போதாக்குறைக்கு, குறித்த அளவுக்கு மேல் கோப்புகளை வெளியே எடுத்தற்கும் கட்டணம் உண்டு. 2024இலேதான் கூகிள், அமேசான், மைக்ரோசொப்ட் ஆகிய மூன்றும், முற்றாக விட்டு நீங்குவோருக்கு அக்கட்டணத்தைத் தள்ள இசைந்தன. கடன்சீட்டைக் கிழிக்க இத்தனை ஆண்டு!

வழி இல்லாமல் இல்லை. எஸ்3 பேசும் மொழியையே இன்று வேறு பல சேமிப்பகங்களும் பேசுகின்றன. மினியோ, செஃப் போன்ற மென்பொருள்களால் நம் சொந்தக் கணினியிலும் அதே மொழியிற் சேமிப்பகம் அமைக்கலாம். அவ்வாறாயின் முகவரியையும் திறவுகோலையும் மாற்றினாற் பெரும்பாலும் போதும். சேமித்தல், எடுத்தல், பட்டியலிடல் என்னும் பணிகளைச் செயலியில் ஒரே இடத்தில் எழுதிவைத்து, லைப்ரரியைத் தொடும் கை அந்த ஒன்றாகவே இருக்கச் செய்தல் வேண்டும். சற்றுக் கூடுதல் வேலைதான். என் மாணாக்கனும் முதலில் முணுமுணுத்தான்.

திறவுகோலைப் பற்றி நான் பட்டறிந்ததையும் மறைக்கப் போவதில்லை. முன்னர் நான் கற்பித்த பள்ளியொன்றில், விளையாட்டுப் போட்டிகள், பரிசளிப்புகள் எனப் பல ஆண்டு ஒளிப்படங்களை உற்சாகமுள்ள இளைஞர் ஒருவர் தம் சொந்தக் கணக்கில் ஏற்றினார். நாங்களும் மூலப்படங்கள் இருந்த கணினியைக் கழித்துவிட்டோம். அவர் வெளிநாடு சென்றார், கடவுச்சொல் மறந்தது, தொலைபேசி இலக்கமும் மாறியது. படங்கள் இன்றும் எங்கோ இருக்கக்கூடும். எமக்கு இல்லை. குற்றம் அவருடையதன்று, கணக்கைப் பள்ளியின் பெயரில் திறவாத எங்களுடையது. இன்னுமொன்று: திறவுகோலைச் செயலியின் நிரல்களுக்கிடையே எழுதிவைத்து, அந்நிரலையே உலகறியப் பகிர்ந்துவிடுவோர் பலர். கதவிலேயே சாவியைத் தொங்கவிட்டு ஊருக்குப் போவது போன்றது இது.

முகிலில் ஏற்றியதே காப்பு என்று இருந்துவிடவும் முடியாது. 2023 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரச முகிற் சேவை தாக்கப்பட்டபோது, ஏறத்தாழ 5,000 மின்னஞ்சற் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மடல்கள் அழிந்தன. இணைப்பிலேயே வைத்திருந்த பிரதியும் கூடவே பூட்டப்பட்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததைக் கேட்டு வளர்ந்த நாம், ஓரிடத்து வைப்பை மீண்டும் நம்பலாமா? ஒரு பிரதி முகிலில். ஒன்று கல்லூரி அலுமாரியில், இணையத்தோடு தொடர்பற்ற தட்டில். மூல ஏடுகளும் எறியப்படாமல்.

குழுவினர் எந்த நிறுவனத்தோடும் ஒப்பந்தம் எழுதுமுன் ஒரு சோதனை செய்துபார்க்கட்டும். ஓராண்டுச் சேர்வுப் பதிவேட்டை மட்டும் ஏற்றுக. ஏற்றியவர் அல்லாத வேறொருவர், வேறொரு கணினியில், வேறொரு லைப்ரரியைக் கொண்டு அதனை முழுதும் இறக்குக. பின் மூல ஏட்டை மேசையில் விரித்துப் பக்கம் பக்கமாக ஒப்பிடுக. ஒரு சனிக்கிழமை போதும். வாசித்து ஒப்பிட ஆள் வேண்டுமாயின், பசறையிலிருந்து காலை முதற் பஸ்ஸில் நான் வருகின்றேன்.