தானே போய் வரும் உரிமை: பார்வையற்ற குழந்தைகளின் பெற்றோர் கொள்கைப் பிரகடனம்

பார்வையற்ற குழந்தைகளைப் பெற்றவர்களும் வளர்ப்பவர்களுமாகிய நாங்கள் இன்று ஓர் இயக்கமாகக் கூடுகிறோம். கழிப்பறைப் பழக்கத்தை எங்கள் முதல் கோரிக்கையாக முன்வைக்கிறோம். பிரெயில், வெள்ளைக்கோல், வேலைவாய்ப்பு என்று எத்தனையோ இருக்க, இதையா முதலில் பேசுவது என்று கேட்பார்கள். டயப்பர் போட்ட பிள்ளையைச் சேர்க்க முடியாது என்று மூன்று வயதில் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் குழந்தைக்குப் பிரெயில் எப்போது போய்ச் சேரும்? ஆகவே இதைத்தான் முதலில் பேசுகிறோம், கூச்சமில்லாமல் பேசுகிறோம்.

கண் தெரியாததால்தான் பிள்ளை பழகவில்லை என்ற எண்ணத்தை நாங்கள் ஏற்கவில்லை. சிறுநீர்ப்பை நிரம்பியதை உணரக் கண் தேவையில்லை. பார்வையுள்ள குழந்தை, அண்ணன் ஓடுவதையும் அக்கா உட்காருவதையும் தினமும் பார்த்து, யாரும் சொல்லாமலே பாதியைக் கற்றுக்கொள்கிறது. அந்தப் பாதியை எங்கள் பிள்ளைகளுக்கு ஒருவர் வாயால் சொல்லி, கையால் தொட்டுணர வைத்துத் தர வேண்டும். அதற்குக் கூடுதல் மாதங்கள் பிடிக்கலாம், சில குழந்தைகளுக்கு ஓராண்டுகூட ஆகலாம். அதைக் குறையாகப் பார்க்க மாட்டோம்.

நம் வீடுகளில் இதற்கு நல்ல தொடக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அம்மாவோ பாட்டியோ தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைத் தன் இரு பாதங்களின் மேல் அமர்த்தி, ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒலி எழுப்புவார்கள். இதில் பார்க்க வேண்டியது எதுவுமே இல்லை. தாங்கும் கால்கள், காதில் விழும் ஒலி, தினமும் ஒரே நேரம், பிறகு வெதுவெதுப்பான தண்ணீர். பார்வையற்ற குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எங்களுக்குத் தெரியவில்லை. சிக்கல் அடுத்த படியில் வருகிறது. அந்தக் கால்களிலிருந்து பிளாஸ்டிக் இருக்கைக்கோ கழிப்பறைக்கோ மாற்றும்போது, அதே ஒலியையும் அதே சொல்லையும் அதே நேரத்தையும் விட்டுவிடுகிறோம். பிள்ளைக்கு எல்லாமே திடீரென்று அந்நியமாகிவிடுகிறது. இந்த மாற்றத்தை மெதுவாகச் செய்வது எப்படி என்பதை ஒவ்வொரு வீட்டுக்கும் எடுத்துச் செல்வதே இந்த இயக்கத்தின் முதன்மை வேலை.

தூக்கிக்கொண்டு போகாதீர்கள் என்று சொல்வோம். தூக்கிப் போகும் பிள்ளைக்குக் கழிப்பறை எங்கிருக்கிறது என்றே தெரியாது. சுவரைத் தடவியபடி நடந்து போகட்டும். வாசலில் சொரசொரப்பான மிதியடி ஒன்று கிடக்கட்டும். அதைக் கால் உணர்ந்ததும் வந்துவிட்டோம் என்று பிள்ளைக்குத் தெரியும். வாளியும் மக்கும் என்றைக்கும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். விருந்தினர் வந்தாலும் அவற்றை இடம் மாற்றக் கூடாது. இருக்கை காலியாகவும் சுத்தமாகவும் இருக்கும்போதே அதன் விளிம்பு, உட்பகுதி, கால்கள் எல்லாவற்றையும் பிள்ளை கையால் தடவி அறியட்டும்.

அச்சங்களை மதிப்போம். அடியில் வெற்றிடம் இருக்கும் ஒன்றின்மேல், கால் தரையில் படாமல் உட்கார்வது பார்க்க முடியாத பிள்ளைக்குப் பெரும் பயம். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் பாதம் ஊன்ற ஒரு பலகை வேண்டும். இந்தியன் டாய்லெட் என்றால் பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி வேண்டும். முன்னறிவிப்பின்றி ஃப்ளஷ் சத்தம் எழுந்தால் சில பிள்ளைகள் வாரக்கணக்கில் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். ‘இப்போது தண்ணீர் சத்தம் வரும்’ என்று சொல்லிவிட்டு, பிள்ளை இறங்கிய பிறகு அழுத்தினால் போதும். பழகியபின் அதன் கையாலேயே அழுத்தட்டும்.

பகலில் டயப்பரைக் குறைப்போம். ஈரத்தை அது உறிஞ்சிவிடுவதால், தரையில் தேங்கியதைக் காண முடியாத பிள்ளைக்குத் தான் சிறுநீர் கழித்ததே தெரியாமல் போகிறது. பருத்தி ஜட்டி நனைந்தால் உடனே தெரியும். அப்போது பேசாமல் மாற்றிவிடாமல், ‘நனைஞ்சிருக்கு பாரு, மூச்சா வந்துடுச்சு’ என்று கையை வைத்துக் காட்டிச் சொல்ல வேண்டும். பிள்ளை மலத்தைக் கையால் தொட்டுவிட்டால் அடிப்பதையும் அருவருப்போடு கத்துவதையும் எங்கள் வீடுகளில் நிறுத்துகிறோம். தொட்டுத்தான் அது எதையும் தெரிந்துகொள்கிறது. அமைதியாகக் கை கழுவி, இதைத் தொடக் கூடாது என்று சொன்னால் போதும்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்கிறோம். தான் பிறர் கண்ணில் படுகிறோம் என்பது பார்வையற்ற குழந்தைக்குத் தானாகத் தெரிய வராது. கதவைச் சாத்துவதைக் கற்றுத்தர வேண்டும். உடல் உறுப்புகளின் பெயர்களைச் சொல்லித்தர வேண்டும். யார் வேண்டுமானாலும் கால் கழுவிவிடலாம் என்ற வழக்கத்தில் வளரும் பிள்ளைக்கு, தவறான தொடுதலை எப்படிப் பிரித்தறியத் தெரியும்? கழுவிவிடுகிறவர் யார் என்பதைக் குடும்பம் முடிவு செய்யட்டும். அவரும் ஒவ்வொரு முறையும் தன் பெயரைச் சொல்லி, ‘கழுவிவிடட்டுமா’ என்று கேட்டபிறகே தொடட்டும். தானே கழுவக் கற்பது பிள்ளைக்குப் பாதுகாப்பும்கூட.

அரசிடமும் சமூகத்திடமும் கேட்கிறோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. எங்கள் பிள்ளைகள் பின்தங்கத் தொடங்குவதோ அந்த ஆறு வயதுக்கு முன்பே. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள்தான் அந்த வயதுக்கான இடம். அங்கே ஜட்டி நனைவதைக் காரணம் காட்டி எந்தப் பார்வையற்ற குழந்தையையும் மறுக்கக் கூடாது. பணியாளர்களுக்கு இதில் பயிற்சி வேண்டும். ஒருவரே எல்லாக் குழந்தைகளையும் கவனிக்கும் இடங்களில் உதவியாளரும் வேண்டும், அந்த அக்காக்கள் மேல் மட்டும் சுமையை ஏற்றுவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. குறைமாதத்தில் பிறந்து விழித்திரை பாதிக்கப்பட்ட குழந்தைகள் பலர் எங்களிடையே இருக்கிறார்கள். ‘இனி பார்வை வராது’ என்று சொல்லி அனுப்பும் எந்த மருத்துவமனையும், வீட்டில் எப்படி வளர்ப்பது என்று கற்றுத்தரும் ஒருவரின் முகவரியையும் சேர்த்தே தர வேண்டும்.

இந்த இயக்கத்தில் சேரக் கட்டணம் கிடையாது. பார்வையற்றவர்களாகவே வளர்ந்து இன்று பெற்றோராக இருப்பவர்களை எங்கள் வழிகாட்டிகளாக அழைக்கிறோம். எப்படிப் பழகினோம் என்பதை அவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இல்லை. இந்த மாதத்திற்குள் ஒவ்வோர் உறுப்பினரும் தம் பகுதி அங்கன்வாடிக்குப் பிள்ளையுடன் நடந்து சென்று, அங்குள்ள கழிப்பறையின் வாசல், படி, பிடிமானம், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைப் பிள்ளையின் கையாலேயே தடவிப் பார்த்து, என்னென்ன மாற வேண்டும் என்று எழுதி வர வேண்டும். அந்தக் குறிப்புகளோடுதான் மாவட்ட ஆட்சியரைச் சந்திக்கிறோம்.