பட்டறையும் உத்தரவும்

தமிழ்நாட்டில் சின்ன வெங்காயச் சாகுபடியில் முன்னணியில் நிற்பது பெரம்பலூர் ஜில்லா. செட்டிகுளம், பாடாலூர்ப் பக்கங்களில் வெங்காயத்தைப் பிடுங்கியவுடன் குடியானவனுடைய வேலை முடிந்துவிடுகிறதென்று பட்டணத்தார் எண்ணுவார்களாயின் அது பெரும் பிசகு. அவனுடைய கவலை அன்றுதான் ஆரம்பமாகிறது.

பிடுங்கிய வெங்காயத்தைத் தாளோடு வயலிலேயே வரிசையாகக் கிடத்தி, ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் காயை வெயில் படாமல் மூடும்படி சில நாள் உலரவிடுகிறார்கள். கழுத்து வற்றிச் சுருங்கியபின், விரற்கடை அளவு விட்டுத் தாளை அரிகிறார்கள். அடிபட்டதையும் கழுத்துத் தடித்ததையும் கழித்து, மற்றதைப் பட்டறையில் ஏற்றுகிறார்கள். தரையைவிட்டு உயரத்தில் கழி பரப்பி, பக்கங்களில் மூங்கில் தட்டியோ கம்பி வலையோ அடைத்து, மேலே கீற்று வேய்ந்த நீண்ட குறுகிய கொட்டகைதான் பட்டறை. அகலம் மிகுந்தால் நடுவில் காற்றுப் புகாமல் காய் புழுங்கிவிடும். கழுத்து மூடாத காய்கள் சில உள்ளே போய்விட்டாலும் அழுகல் அண்டையிலுள்ளவற்றையும் பிடித்துக்கொள்ளும். கோயம்புத்தூர் விவசாய சர்வகலாசாலையார் கூறும் விதிகளும் இம்முறைக்கு மாறானவையல்ல.

பட்டறையில் இருப்பது விற்பனைச் சரக்கு மாத்திரமன்று. அடுத்த போகத்தின் விதையும் அதுவே. ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ விதை வெங்காயம் வேண்டும். இன்று பிடுங்கியதை நாளை நட்டால் முளைக்காது. சுமார் இரண்டு மாதம் அது உறங்கவேண்டும். பட்டறை அழுகினால், தான் விளைத்ததையே வியாபாரியிடம் விலைக்கு வாங்கி நடவேண்டிய கதிக்கு அவன் ஆளாகிறான். மேலும், அறுவடைச் சமயத்தில் எல்லோரும் ஒருசேரச் சந்தைக்குச் சென்றால் விலையை நிர்ணயிப்பவர் தரகரே. அவரிடம் "இந்த விலைக்கு இல்லை" என்று சொல்லும் தைரியம் பட்டறை உள்ளவனுக்கே உண்டு.

இந்தத் தைரியத்தின்மீதுதான் டில்லி உத்தரவுகள் வந்து விழுகின்றன. 2020 செப்டம்பர் 14-ஆம் தேதி எல்லா ரக வெங்காயத்தின் ஏற்றுமதியையும் சர்க்கார் ஒரே உத்தரவில் தடுத்துவிட்டார்கள். அக்டோபரில் பெங்களூர் ரோஸ், கிருஷ்ணாபுரம் ரகங்களுக்குத் தலா 10,000 டன் அனுமதித்தார்கள். அந்த உத்தரவில் நமது சின்ன வெங்காயத்தின் பெயரைக் காணோம். அதே மாதத்தில், மொத்த வியாபாரி 25 டன்னுக்கு மேல் இருப்பு வைக்கலாகாதென்றும் விதித்தார்கள். குடியானவனுக்கு அந்த வரம்பு இல்லையென்பது மெய்யே. ஆனால் வாங்குகிறவன் கையைக் கட்டிவிட்டு, விற்கிறவனுக்கு விடுதலை அளித்தோமென்பது என்ன நியாயமோ! தடை 2021 ஜனவரி 1-ஆம் தேதி நீங்கிற்று. 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதி மறுபடியும் தடுக்கப்பட்டது. 2024 மே மாதத்தில்தான் அத்தடை எடுக்கப்பட்டது. வட இந்திய நகரவாசிக்குப் பெரிய வெங்காயம் மலிவாகக் கிடைக்கவேண்டுமென்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. அதற்காக நாசிக் சரக்கை மனத்தில் வைத்து எழுதும் உத்தரவில், வேறு ருசியும் வேறு சந்தையும் உடைய நமது பயிரைச் சேர்த்துக் கட்டுவானேன்?

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லையென்று நாம் கூறவில்லை. தோட்டக்கலை அபிவிருத்தித் திட்டத்தின் 2014-ஆம் ஆண்டு விதிகளில், 25 டன் கொள்ளும் வெங்காயக் கொட்டகைக்கு 1,75,000 ரூபாய் மதிப்பிட்டு, அதில் பாதியை மானியமாகத் தர ஏற்பாடு செய்தார்கள். ஆனால் நன்றாக விளைந்தாலும் ஏக்கருக்கு ஆறு ஏழு டன்தான். 25 டன்னை நிரப்ப நாலு ஏக்கர் வெங்காயம் வேண்டும். ஒரு ஏக்கர்க்காரன் அந்தக் கொட்டகையில் எதை வைப்பான்? செலவின் மற்றப் பாதிக்கு எவரிடம் கையேந்துவான்? அடுத்த ஜில்லாவாகிய அரியலூரிலிருந்து ஆலைச் சிமெண்டு தேசமெங்கும் போகிறது. இங்கே ஏழையின் பட்டறை இன்னும் கழியையும் கீற்றையும் நம்பி மழைக்கு அஞ்சி நிற்கிறது.

ஐந்து டன் கொள்ளும் சிறு பட்டறைக்கென்று தனி மதிப்பீடும் தனி மானியமும் வகுக்கவேண்டும். ஏற்றுமதியைத் தடுக்கும் எந்த உத்தரவிலும் சின்ன வெங்காயத்தை வேறாகப் பிரித்து எழுதவேண்டும். பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் சட்டசபை அங்கத்தினர்களும் பார்லிமெண்ட் அங்கத்தினர்களும் கட்சிப் பேதமின்றி, அடுத்த தை அறுவடைக்கு முன்னரே இவ்விரண்டையும் மந்திரிகளிடம் எழுத்து மூலம் கேட்டுப் பதில் பெறவேண்டும்.